பாசி படர்ந்த மரம் தேடும் குருவி: சாம்பல்தலை ஈப்பிடிப்பான்

கோத்தகிரி லாங்வுட் சோலையிலோ கொடைக்கானல் வட்டக்கானல் பக்கமோ காலை ஏழரை மணிக்கு மரநிழலில் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். தலைக்குச் சற்று மேலே ஒரு சிறு குருவி குச்சியிலிருந்து எகிறிப் பாயும். காற்றில் எதையோ கவ்வும். ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய குச்சிக்கோ அதற்குப் பக்கத்துக் குச்சிக்கோ வந்து உட்காரும். தலை, கழுத்து, மார்பு முழுக்கச் சாம்பல். மார்பில் கோடு கிழித்தாற்போல் சாம்பல் நின்று, அங்கிருந்து வயிறு வரை மஞ்சள். முதுகு பச்சை கலந்த மஞ்சள். உச்சந்தலை இறகு லேசாகத் தூக்கியிருப்பதால் தலை கொஞ்சம் கூம்பியது போலத் தெரியும். இதுதான் சாம்பல்தலை ஈப்பிடிப்பான். நீளம் 12 முதல் 13 செ.மீ. எடை ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை, அதாவது சுமார் 8 கிராம்.

நம் மலைக்காடுகளில் இது அரிய பறவை கிடையாது. உலக அளவிலும் அழியும் நிலையில் உள்ள இனமாகக் கருதப்படவில்லை. அதனாலேயே பலரும் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சோலைக்காடு (உயர்மலைப் பள்ளங்களில் நிற்கும் பசுமைமாறாக் காடு) உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள, அரிய பறவைகளைவிட இந்தச் சாதாரணப் பறவை அதிகம் சொல்லித் தரும். இதற்கு வேண்டியவை நான்கே நான்கு: உட்கார ஒரு வெறுங்குச்சி, அதன் முன்னே இரண்டு மூன்று மீட்டர் காலி வெளி, அந்த வெளியில் பறக்கும் பூச்சி, கூடு கட்டப் பாசி படிந்த ஒரு மரம். முதல் மூன்றும் பல இடங்களில் கிடைத்துவிடும். நான்காவதில்தான் சிக்கல் இருக்கிறது.

கொண்டை எங்கே?

கொண்டை என்றதும் நமக்குக் கொண்டைக்குருவியோ கொண்டலாத்தியோதான் நினைவுக்கு வரும். இதன் கொண்டை அவ்வளவு எடுப்பானதில்லை. உச்சந்தலையின் இறகுகள் மற்ற இடத்து இறகுகளைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பறவை விறைப்பாக இருக்கும்போது அவை எழும்பி, தலைக்கு மேல் சிறு முகடு போலத் தெரியும். மழையில் நனைந்தாலோ பயந்தாலோ படிந்துவிடும், தலை உருண்டையாகிவிடும். ஆகவே படத்தில் கொண்டை தெரியவில்லை என்பதற்காக வேறு பறவை என்று முடிவு கட்டக் கூடாது. எதிர்வெளிச்சத்தில் வெறும் நிழலாகத் தெரியும்போது மட்டும் இந்த முகடு நல்ல அடையாளம். நிமிர்ந்த உட்காரல், கூம்பிய தலை, மெல்லிய வால், நொடிக்கொரு தரம் இப்படியும் அப்படியும் திரும்பும் பார்வை, இத்தனையும் சேர்ந்தால் நிறம் தெரியாமலேயே பெயர் சொல்லிவிடலாம்.

ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. "மங்கலாக இருக்கிறது, பெண்ணாக இருக்கும்" என்று குறிப்பெழுதுவது தவறு. இளம்பறவைகளுக்குத்தான் நிறம் சற்று மங்கல்.

ஈப்பிடிப்பான் என்பது தொழிலால் வந்த பெயர்

கடலில் மீன் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தார் ஆகிவிட மாட்டார்கள். ஈப்பிடிப்பான்களும் அப்படித்தான். குச்சியில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியை எட்டிப் பிடித்து, மறுபடி உட்காரும் பிழைப்பை உலகின் பல மூலைகளில், ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பறவைக் குடும்பங்கள் தனித்தனியே கைக்கொண்டன. ஒரே தொழில் ஒரே மாதிரி அலகையும் கண்ணையும் உடல்வாகையும் உருவாக்கியது. பார்த்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் ஈப்பிடிப்பான் எனப்படுபவை ஒரு குடும்பம். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பாவின் 'உண்மையான' ஈப்பிடிப்பான்கள் வேறு குடும்பம். நம் ஊர்த் தோப்புகளில் வெள்ளை வால் ஆட்டிப் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பான் மூன்றாவது குடும்பம்.

சாம்பல்தலை ஈப்பிடிப்பானை 1820-இல் வில்லியம் ஸ்வைன்சன் இலங்கையிலிருந்து கிடைத்த பறவையைக் கொண்டு விவரித்தார். அறிவியல் பெயரில் 'சிலோனென்சிஸ்' என்று இருப்பது அதனால். 'குலிசிகாபா' என்ற பேரினப் பெயருக்கு லத்தீனில் கொசு பிடிப்பான் என்று பொருள். நீண்ட காலம் இதை உண்மையான ஈப்பிடிப்பான்களோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அந்த இடம் மாறியது. 2005-இல் வெளியான ஆப்பிரிக்கப் பாடும் பறவைகள் பற்றிய ஆய்வு ஒன்றிலிருந்து 'ஸ்டெனோஸ்டிரிடே' என்ற தனிக் குடும்பம் உருவானது. உலகம் முழுவதும் சேர்த்து 9 இனங்களே கொண்ட சின்னக் குடும்பம் அது. நம் மலைகளில் நாம் பார்க்கும் இந்தக் குருவி அதில் ஒன்று.

இதன் உறவினர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கென்யாவிலிருந்து ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைகள் வரை, குளிர்ந்த மலைக்காடுகளில் வாழும் வெள்ளைவால் கொண்டை ஈப்பிடிப்பான் இதே குடும்பம். அதற்குக் கொண்டை நன்றாகவே நிமிர்ந்து நிற்கும். வாலை விசிறி போல விரித்து ஆட்டும். தென்னாப்பிரிக்காவின் கரூ என்னும் வறண்ட புதர்வெளியில் திரியும் சுமார் 6 கிராம் எடையுள்ள தேவதை ஈப்பிடிப்பானும் இதே குடும்பம். இமயமலையின் மஞ்சள்வயிற்று விசிறிவால் குருவியை விசிறிவால்களோடு சேர்த்து எண்ணியிருந்தார்கள். 2009-இல் வந்த ஆய்வு அதையும் இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸிலும் சுலவேசியிலும் வாழும் முழு மஞ்சள் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. குலிசிகாபா பேரினத்தில் இந்த இரண்டே இனங்கள். இந்தக் குடும்பத்துக்கு மிக அருகில் நிற்பவை எவை தெரியுமா? நம் பட்டாணிக்குருவியும் அதன் இனத்தாரும். ஊட்டித் தோட்டத்தில் மரப்பட்டையைத் தலைகீழாகத் தொங்கிக் குடையும் பட்டாணிக்குருவிக்குத்தான் இது நெருங்கிய உறவு. அதே தோட்டத்தில் குச்சியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீலகிரி ஈப்பிடிப்பான் தூரத்துச் சொந்தம்.

பரவலைப் பார்த்தாலும் பெரிய நாடோடி இது. இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ், சும்பா தீவுகள் வரை இருக்கிறது. இமயத்தில் கோடையில் சுமார் 1,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் கூடு கட்டி, குளிர்காலத்தில் அடிவாரத்துக்கும் சமவெளிக் காடுகளுக்கும் இறங்கிவிடும். தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலையகத்திலும் ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஹக்கல தாவரவியல் தோட்டத்திலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதைப் பார்க்காமல் திரும்புவது கடினம்.

அலகு, கண், குச்சி

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இதன் அலகு மெல்லிய கோடாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் அடியில் அகன்று நுனியில் குறுகிய முக்கோணம். தட்டையான இந்த அலகு பறந்துகொண்டே திறந்து மூடுவதற்கு வசதி. பூச்சி கொஞ்சம் விலகினாலும் சிக்கிவிடும். பட்டாணிக்குருவியின் அலகு இதற்கு நேர்மாறாகக் குட்டையாகத் தடித்தது, பட்டையைக் கொத்திப் பிளக்க ஏற்றது. அண்டைச் சொந்தம் இரண்டும் தொழிலால் முகம் மாறிப் போனதை அலகிலேயே காணலாம்.

அலகின் இரு ஓரத்திலும் மீசை போல விறைத்த மயிர்கள் உண்டு. பூச்சியை வாய்க்குள் தள்ளும் வலை அது என்று பல புத்தகங்களில் இன்னும் எழுதுகிறார்கள். அமெரிக்க ஈப்பிடிப்பான்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அவை பூச்சியை அலகின் நுனியால்தான் கவ்வுகின்றன, மயிர்கள் வலையாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. வேகமாகப் பாயும்போது பூச்சியின் கால், சிறகுத் துணுக்கு போன்றவை கண்ணில் படாமல் காப்பதற்கு இவை உதவுகின்றன என்பது அதைவிடப் பொருத்தமான விளக்கம்.

இப்படி உட்கார்ந்து பாயும் வேட்டைக்கு இடத்தேர்வுதான் பாதிப் பிழைப்பு. இலை அடர்ந்த கிளையில் உட்கார்ந்தால் பூச்சி தெரியாது. தெரிந்தாலும் பாய வழியிருக்காது. திறந்த வெட்டவெளியில் காற்று அதிகம், பருந்து வகைகளின் கண்ணும் இருக்கும். சோலையின் விதானத்துக்குக் கீழே, புதர் மட்டத்துக்கு மேலே, சுமார் 2 முதல் 6 மீட்டர் உயரத்தில் ஒரு கூடம் போன்ற வெளி இருக்கிறது. சாம்பல்தலை ஈப்பிடிப்பானின் வீடு அந்தக் கூடம்தான். காய்ந்து இலையுதிர்ந்த சிறு குச்சிகள் அங்கே நிறைய நீட்டிக்கொண்டிருக்கும். காட்டைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று அந்தச் சுள்ளிகளை ஒடித்து எடுத்துவிட்டால், பூச்சி எவ்வளவு இருந்தாலும் இந்தப் பறவைக்கு உட்கார இடமில்லை.

ஒரே சோலையில் நான்கைந்து ஈப்பிடிப்பான்கள் சண்டையின்றி வாழ்வதற்கும் இந்த அடுக்குமுறைதான் காரணம். நம் மலைகளுக்கே உரிய கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் புதருக்குள், தரையிலிருந்து ஓரிரு மீட்டருக்குள் ஒளிந்து திரியும். நீலகிரி ஈப்பிடிப்பான் மேல்கிளைகளையும் காட்டு விளிம்பையும் எடுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வரும் பழுப்பு ஈப்பிடிப்பான் வெளிப்பக்கத்துக் காய்ந்த கிளையில் நெடுநேரம் அசையாமல் உட்காரும். நடு அடுக்கு நம் சாம்பல்தலை ஈப்பிடிப்பானுடையது. அதிலும் இவன் பொறுமைசாலி கிடையாது. நிமிடத்துக்குப் பலமுறை பாய்வதும், இடையிடையே இலையோரம் ஒரு நொடி சிறகடித்து நின்று புழு பறிப்பதும், குச்சி மாற்றுவதும் ஓயாத வேலை. அந்தி சாய்ந்து மற்ற பறவைகள் அடங்கிய பிறகும் இது வேட்டையாடிக்கொண்டிருக்கும்.

பூச்சி பறக்க வெப்பம் வேண்டும். மலையில் மூடுபனி இறங்கி நிற்கும் காலையில் காற்றில் எதுவும் பறக்காது. குருவியும் இலைகளில் பூச்சி தேடத் தொடங்கிவிடும், அல்லது எங்காவது ஒடுங்கியிருக்கும். வெயில் மரக்கிளைகளினூடே முதன்முதலில் எந்த இடத்தில் கீழே விழுகிறதோ, அந்த ஒளித்திட்டில் பூச்சிகள் மேலே எழும். அந்தத் திட்டின் ஓரத்தில்தான் இது வந்து உட்காரும். ஆறு மணிக்கே போய் நின்று "ஒன்றும் இல்லை" என்று திரும்புபவர்கள் தவறவிடுவது இதைத்தான். பனி விலகும் நேரம் பார்த்துப் போங்கள், ஒளி விழும் இடத்தில் நில்லுங்கள்.

கூட்டத்தோடு கூட்டமாக

கூடு கட்டும் பருவம் தவிர மற்ற மாதங்களில் இதைத் தனியாகப் பார்ப்பதைவிடக் கலப்புக் கூட்டத்தில் பார்ப்பதுதான் அதிகம். காடு பதினைந்து நிமிடம் வெறிச்சோடிக் கிடக்கும்; திடீரென ஒரு முனையிலிருந்து சலசலப்பு எழுந்து, சிலம்பன்கள், மின்சிட்டுகள், கதிர்க்குருவிகள், வெள்ளைக்கண்ணிகள், பட்டாணிக்குருவி, கரிச்சான் என்று பத்துப் பன்னிரண்டு இனங்கள் ஒன்றாக நகர்ந்து வரும். ஐந்து நிமிடத்தில் கடந்து போய்விடும்.

இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிலம்பன்கள் இலைகளைக் கிளறுவதால் ஒளிந்திருந்த பூச்சிகள் பறக்கும். இலையில் இருக்கும் பூச்சியைச் சாம்பல்தலை ஈப்பிடிப்பானால் எளிதாகப் பார்க்க முடியாது. பறக்கத் தொடங்கிய பூச்சிதான் அதன் முக்கிய உணவு. ஆகவே கிளறுபவர்களுக்குச் சற்றுப் பின்னாலோ பக்கவாட்டிலோ குச்சி பிடித்து உட்கார்ந்து, தப்பிப் பறப்பதைப் பிடித்துக்கொள்கிறது. துடுப்புவால் கரிச்சானும் அதையே பெரிய அளவில் செய்கிறது, கூடவே வல்லூறு வந்தால் முதலில் கத்தி எச்சரிக்கிறது. இலங்கை சிங்கராஜக் காட்டில் சரத் கொட்டகமவும் எபன் குடேலும் செய்த ஆய்வுகளில், துடுப்புவால் கரிச்சான் கூட்டத்தின் மற்ற பறவைகளைப் போலவே ஒலியெழுப்பி அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது தெரியவந்தது. கூட்டம் சேர்வதால் கரிச்சானுக்கும் இரை கிடைக்கிறது.

இதில் நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பறவையைத் தேடி அலைய வேண்டாம், கூட்டத்தைத் தேடுங்கள். சிலம்பன்களின் கீச்சொலியோ கரிச்சானின் உலோக ஓசையோ கேட்டால், அவை நகரும் திசைக்கு முன்னால் போய் நின்றுவிடுங்கள். பின்னால் துரத்தினால் கூட்டம் கலையும். வந்ததும் முதலில் மேலே மேயும் பறவைகளை விட்டுவிட்டு நடுமட்டத்தைப் பாருங்கள்.

குரல் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். "சிக்… விச்சீ-விச்சீ" என்று உரத்த, துள்ளலான சீழ்க்கை. கடைசி அசை மேலேறும். 8 கிராம் உடலிலிருந்து வருவதற்குச் சற்று அதிகமான சத்தம். இடையிடையே பல் கிட்டிப்பது போன்ற மெல்லிய "சிட்டிட்டிட்" ஒலியும் உண்டு.

எதோடு குழம்பும்?

சாம்பலும் மஞ்சளும் சேர்ந்த சிறு பறவைகள் நம் மலைகளில் பல. மிக அதிகமாகக் குழப்புவது பெண் மின்சிட்டு. அதற்கும் மேலே சாம்பல், கீழே மஞ்சள். ஆனால் செம்மின்சிட்டின் பெண்ணுக்கு மஞ்சள் தொண்டையிலேயே தொடங்கிவிடும், இறக்கையில் மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரியும், வால் நீளம், உட்காரல் படுக்கைவாட்டில், இருப்பிடம் மரஉச்சி. கதிர்க்குருவிகளுக்குக் கண்ணுக்கு மேல் வெளிர்ப்புருவம் இருக்கும். ஈப்பிடிப்பானுக்குப் புருவம் கிடையாது. வெள்ளைக்கண்ணியின் தொண்டை மஞ்சள், கண்ணைச் சுற்றிப் பளீர் வெள்ளை வளையம். இங்கேயும் கண்வளையம் ஒன்று உண்டு, ஆனால் மிக மெல்லியது. நல்ல படத்தில்தான் தெரியும். மாம்பழச்சிட்டின் பெண்ணுக்கும் தொண்டை மஞ்சள்தான்.

ஆக, ஒரே ஒரு நொடி பார்க்கக் கிடைத்தால் தொண்டையைப் பாருங்கள். தொண்டையும் மார்பும் சாம்பலாக இருந்து, அதற்குக் கீழே மஞ்சள் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. வயிற்றைப் பார்த்து நேரத்தை வீணாக்குபவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

இருநோக்கியில் 10×42-ஐவிட 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) இந்தப் பறவைக்கு ஏற்றது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மி.மீ.; 10-ஆல் வகுத்தால் 4.2. சோலை இருட்டில் அந்த ஒரு மில்லிமீட்டர் நிறத்தைத் தெளிவாகக் காட்டும். பார்வைப் பரப்பும் அகலம் என்பதால் பாயும் பறவை சட்டகத்தை விட்டு ஓடாது. படம் எடுப்பவர்கள் பாய்ச்சலைத் துரத்த வேண்டாம். அது திரும்பி வரும் குச்சியில் குவியத்தை வைத்துக் காத்திருங்கள். உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி போதும், அதற்கே ஐஎஸ்ஓ 3200-ஐத் தொட வேண்டியிருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். அது வந்து நிற்பது ஆர்வத்தால் கிடையாது, தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டது என்ற பதற்றத்தால். கூட்டில் முட்டை இருக்கும் நேரத்தில் அந்தப் பதற்றத்துக்கு விலை அதிகம்.

கூடு, பாசி, மரத்தின் வயது

தென்னிந்தியாவில் மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். கூட்டை அருகில் பார்த்தவர்கள்கூட முதலில் அதைக் கூடு என்று நம்ப மாட்டார்கள். பாசி மூடிய அடிமரத்திலோ பாறைச் சரிவிலோ, அதே பாசியைக் கொண்டு, பாதியாக வெட்டிய கிண்ணத்தை ஒட்டவைத்தது போல அமைந்திருக்கும். பின்சுவர் மரமே. பாசி, மரப்பாசிச் செதில், இவற்றைப் பிணைத்துக் கட்டுவது சிலந்தி நூல். சிலந்தி நூல் இழுபடும், அறுபடாது. மழையில் பாசி நீரேறிக் கனத்தாலும் கூடு பெயர்ந்து விழாது. முட்டை 3 அல்லது 4. மஞ்சளோடிய வெள்ளையில், பருத்த முனையைச் சுற்றிச் சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகள் வளையமாக இருக்கும்.

இந்தக் கூட்டுக்குப் பாதுகாப்பு என்பது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது மட்டுமே. முள் இல்லை, பொந்து இல்லை, உயரமும் பெரிதாக இல்லை. பின்னணியில் பாசி இருந்தால் கூடு மறைந்துவிடும். வழவழத்த மரத்தில் அதே கூட்டை வைத்தால் மரத்தில் பச்சைக் கட்டி புடைத்தது போல எட்டிய தூரத்திலிருந்தே தெரியும்.

பாசி உடனே வளரும் பொருள் கிடையாது. சொரசொரப்பான பட்டை, ஈரம், நிழல், பல ஆண்டு அமைதி எல்லாம் வேண்டும். சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. பட்டை நிலையாக இருக்கும். மூடுபனி நாள்தோறும் நனைக்கும். ஆகவே அடிமரம் முழுவதும் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் குடியேறும். மலைமக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் இதற்கு நேரெதிர். பட்டையை நீள நீளக் கீற்றுகளாக உரித்து உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒட்டிய பாசியும் பட்டையோடு போய்விடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், பறவைப் பட்டியல்களில் ஒரு பெரிய தவறான முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. குளிர்காலத்தில் கற்பூர மரத் தோப்பிலும் சீகை (வாட்டில்) மரக் காட்டிலும் சில்வர் ஓக் நிற்கும் தேயிலைத் தோட்டத்திலும் சாம்பல்தலை ஈப்பிடிப்பானைத் தாராளமாகப் பார்க்கலாம். நிழல், குச்சி, பூச்சி மூன்றும் அங்கே கிடைக்கின்றன. கலப்புக் கூட்டங்களும் அங்கே நுழைகின்றன. உடனே "இந்தப் பறவைக்குத் தோட்டமே போதும், சோலை தேவையில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். உண்பதற்குப் போதுமான இடம் குஞ்சு பொரிப்பதற்குப் போதுமானது ஆகிவிடாது. ஜனவரியில் தோப்பில் பார்த்த பறவை ஏப்ரலில் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் சோலையின் மதிப்பு தெரியும். தோப்புக்கு நடுவே ஓடையோரம் விட்டுவைத்த கையளவு சோலைத் துண்டுதான் அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் முழுவதற்கும் தொட்டிலாக இருக்கலாம்.

116 ஹெக்டேர் மட்டுமே உள்ள லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. நீருக்காகக் காக்கப்படும் அந்தத் துண்டு, இப்படிப்பட்ட கூடுகளுக்காகவும் காக்கப்பட வேண்டிய இடம்.

அந்நிய மரங்களை அகற்றும் பேச்சு எழும்போதும் இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும். புல்வெளியில் நட்ட சீகையையும் கற்பூர மரத்தையும் அகற்றிப் புல்லை மீட்பது சரியான வேலை. பழைய சோலை இருந்த பள்ளத்தில் நட்ட தோப்பு என்றால் கதை வேறு. பழனி மலையிலும் நீலகிரியிலும் வயதான தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாகவே முளைத்து வருகின்றன. அங்கே ஒரே நாளில் மொட்டையடித்தால் வெயில் கொட்டும், கன்றுகள் கருகும், உண்ணிச்செடி வந்து மூடிவிடும். நடுமட்டத்துக் கூடம் போய்விடும். கன்றுகள் தலைக்கு மேல் வளரும்வரை மேல்மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதுதான் பறவைக்கும் காட்டுக்கும் பொருந்தும்.

தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. ஓடையின் இரு கரையிலும் இயல்பாக நிற்கும் நாட்டு மரங்களைத் தொடாமல் விடுங்கள். அடிமரத்துப் பாசியைச் சுரண்டி வெள்ளையடிக்காதீர்கள். நிழல் மரங்களைக் கவ்வாத்து செய்யும்போது உள்பக்கத்துக் காய்ந்த சிறு குச்சிகள் சிலவற்றை விட்டுவையுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை ஓடையோர மரங்களில் வெட்டு வேலை வைக்காதீர்கள். பூச்சிமருந்து தெளிப்பை ஓடைக்கு எட்டாமல் நிறுத்துங்கள். நீரோரத்தில் எழும் சிறு பூச்சிகள் குஞ்சுகளுக்கு உணவு.

எதைக் குறித்துவைப்பது

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் மலைப்பகுதிப் பட்டியல்களில் இந்தப் பறவை தவறாமல் இருக்கும். ஜனவரித் தகவலுக்குக் குறைவில்லை. குறைவாகக் கிடைப்பது மார்ச் முதல் ஜூன் வரையிலான குறிப்புகள்தான். பதிவில் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அலகில் பாசி வைத்திருந்ததா, சிலந்தி வலையிலிருந்து நூல் இழுத்ததா, பூச்சியை விழுங்காமல் எடுத்துக்கொண்டு ஒரே திசைக்குப் பறந்ததா, வால் குட்டையான குஞ்சுக்கு ஊட்டியதா என்று எழுதுங்கள். பறவைப் பதிவு இணையதளமான இ-பேர்டில் இனப்பெருக்கக் குறியீடுகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். எந்தக் காடு என்பதும் வேண்டும்: சோலையா, சீகையா, பைனா, ஓடையோரத் துண்டா. கூடு எந்த மரத்தில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், மரம் நாட்டு மரமா, அடிமரத்தில் பாசி எவ்வளவு என்பதைத் தூரத்திலிருந்தே இருநோக்கியில் பார்த்துக் குறிக்கலாம்.

பறவை பாசியோடு பறந்தால் பின்தொடர்ந்து போகாதீர்கள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். அடுத்த நடை அதே வழியாகத்தான் வரும், மூன்று நான்கு நடையில் மரம் தெரிந்துவிடும். கிளையை விலக்கிப் பார்ப்பதும், கூட்டுக்கு முன்னால் இலையை ஒடித்துப் படத்துக்கு வழி செய்வதும் கூட்டைக் காகத்துக்கும் மரநாய்க்கும் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். கூட்டின் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம். காட்டின் பெயரும் மாதமும் மரத்தின் வகையும் போதும்.